உப்பு பூத்த கண்ணாடி, கீறல் விழுந்த கண்ணாடி: கறை எடுப்பது முதல் பாலிஷ் வரை முழுமையான வழிகாட்டி

கண்ணாடி மங்கிவிட்டது, மாற்றிவிடலாம் என்று முடிவெடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். கறை கண்ணாடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, கண்ணாடிக்குள்ளேயே இறங்கிவிட்டதா? புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டின் ஷவர் தடுப்பு, கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த ஜன்னல், மஞ்சக்குப்பத்துத் தெருவில் நிற்கும் கார் என எதை எடுத்தாலும் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. மேலே இருந்தால் வினிகர், சிட்ரிக் ஆசிட் போன்ற நல்ல புளிப்பு ஒன்றே போதும். கொஞ்சம் இறங்கியிருந்தால் பாலிஷ் வேண்டும். ஆழமாக இறங்கியிருந்தால் பாலிஷும் கைகொடுக்காது. இதைப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் மெஷினைப் பிடிப்பதாலும், பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவதாலும் கெடும் கண்ணாடிகளே அதிகம். உப்பால் மட்டும் கெட்டவை குறைவு.

கறை எங்கிருந்து வருகிறது

போர் தண்ணீர் மண்ணுக்குள் இருக்கும்போது கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துளி கண்ணாடியில் ஒட்டிக் காயும்போது நீர் மட்டும் போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். சூடுபடுத்தினால் இது இன்னும் வேகமாக நடக்கும். கீசர் காயிலைச் சுற்றி வெள்ளைக் கட்டி பிடிப்பதும், வெந்நீர் ஷவர் இருக்கும் குளியலறைக் கண்ணாடி சீக்கிரம் வெளுப்பதும் இதனால்தான்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 (2012) கடினத்தன்மைக்கு, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற அளவை வைக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த 600 இருக்கும் நீரில் ஒரு லிட்டர் கண்ணாடி மேலேயே காய்ந்தால் அரை கிராமுக்கு மேல் திடப்பொருள் மிஞ்சும். தினமும் நாலு பேர் குளிக்கும் வீட்டில், துடைக்காமல் விட்ட கண்ணாடிக்கு என்ன ஆகும் என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு மட்டும் வந்தால் பிரச்சினை சுலபம். நிலத்தடி நீரில் மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் கரைந்திருக்கும். கண்ணாடியே முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைய சிலிக்காதான். அதனால் நீரிலிருந்து படியும் சிலிக்கா கண்ணாடியோடு உறவாடி ஒட்டிக்கொள்கிறது. வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் எதற்கும் அது அசையாது. "எவ்வளவு தேய்த்தும் போகவில்லை" என்று கைவிடப்படும் கறைகளில் பெரும்பகுதி இந்த வகை.

இரும்புச் சத்துள்ள நீர் செம்பழுப்பு வழிசலை விடும். கடலோர ஜன்னல்களில் காற்று கொண்டுவரும் உப்பு வேறு. அது வெறும் சோடியம் குளோரைடு, நல்ல நீரில் கரைந்து ஓடிவிடும். ஆனால் அதோடு வரும் மணல்தான் ஆபத்து, அதைக் காரின் முன் கண்ணாடி பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் கொடியது சிமென்ட் நீர். புதிதாகப் பூசிய சுவரிலிருந்தோ சன்ஷேடிலிருந்தோ மழைநீர் வழிந்து கண்ணாடியில் இறங்கினால், அதில் கரைந்திருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு கடும் காரம். காரம் கண்ணாடியின் சிலிக்காப் பின்னலையே அரிக்கும். வீடு கட்டும்போது ஜன்னல் கண்ணாடியை முதலில் மாட்டிவிட்டு வெளிப்பூச்சைப் பிறகு வைத்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கட்டாயம் அப்படித்தான் செய்தாக வேண்டும் என்றால் பாலித்தீன் தாள் ஒட்டி மூடுங்கள். சிந்தினால் காயும் முன் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

முதலில் சோதனை

கண்ணாடியை நல்ல நீரும் சில சொட்டுப் பாத்திர சோப்பும் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு நுரையும் போனால்தான் மிச்சம் என்ன என்பது தெரியும். ஷவர் கண்ணாடியில் பாதி வெண்மை சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த பிசின்தான்.

ஈரமாக இருக்கும்போது கறை மறைந்து காய்ந்ததும் திரும்பி வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். படிவமும் அப்படித்தான் மறையும், அரிப்பும் அப்படித்தான் மறையும். அதனால் எப்போதும் முழுக்கக் காய்ந்த பிறகே பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாததெல்லாம் தெரியும்.

இனி விரல் நகத்தால் தடவுங்கள். சொரசொரப்பாக, மேடாகத் தட்டுப்பட்டால் அது படிவம். வழவழப்பாக இருந்தும் மங்கல் தெரிந்தால் மெல்லிய சிலிக்காப் படலமோ அரிப்போ இருக்கலாம்.

அடுத்து கறையின் ஒரு மூலையில் வெள்ளை வினிகரில் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். எடுத்துத் துடைத்துக் காயவிட்டால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். வட்டமாகத் தெளிந்திருந்தால் சுண்ணாம்பு, புளிப்பே போதும். பாதி தெளிந்து பாதி நின்றால் சுண்ணாம்பும் சிலிக்காவும் கலந்தது, புளிப்புக்குப் பின் பாலிஷ். ஒன்றுமே மாறவில்லை என்றால் அதே இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சீரியம் பாலிஷை (கண்ணாடிக்கு மெருகேற்றும் பொடியை நீரில் கலந்தது, முறை பின்னால் வருகிறது) கையால் ஐந்து நிமிடம் தேய்த்துப் பாருங்கள். அதிலும் மாற்றம் இல்லையென்றால் கண்ணாடி ஆழமாக அரிக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சின்ன இடத்துச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். முழுக் கண்ணாடியையும் ஒரு நாள் முழுக்கத் தேய்த்துவிட்டு வருந்துவதை இது தடுக்கும்.

எந்தக் கண்ணாடியில் கை வைக்கக் கூடாது

முகம் பார்க்கும் கண்ணாடியின் முன்பக்கம் சாதாரணக் கண்ணாடிதான், சுத்தம் செய்யலாம். ஆனால் ஓரத்தில் புளிப்பு இறங்கினால் பின்பக்க ரசம் கறுத்துவிடும். அதனால் தெளிக்கவே கூடாது, துணியில் நனைத்துப் பிழிந்து நடுவிலிருந்து துடைக்க வேண்டும்.

சூரியத் தகடுகளின் கண்ணாடி மேல் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு இருக்கும். அதில் பாலிஷ், பிளேடு, ஸ்க்ரப்பர் எதுவும் கூடாது. வெயில் சூட்டைத் தடுக்கும் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி, உள்பக்கம் சன்ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி ஆகியவற்றிலும் பூச்சு இருக்கும் பக்கத்தைத் தொடக் கூடாது. கைபேசித் திரைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இந்த வழிகாட்டி பொருந்தாது. இன்று பெரும்பாலான மூக்குக் கண்ணாடி வில்லைகள் பிளாஸ்டிக்தான்.

மீன் தொட்டியும் ஷோகேஸும் சில சமயம் அக்ரிலிக்காக இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், தொட்டால் குளிரும். அக்ரிலிக் மொத்தென்று ஒலிக்கும். அக்ரிலிக்குக்கான பாலிஷே வேறு.

மூலையில் சிறிய முத்திரை பொறித்திருந்தால் அது பெரும்பாலும் டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூளையில் சூடேற்றி உறுதியாக்கியது. ஷவர் தடுப்புகளும் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிகளும் பெரும்பாலும் இந்த வகை. மேற்பரப்பில் மெதுவாகப் பாலிஷ் போடலாம். ஆனால் விளிம்பை உரசுவதும், ஒரே இடத்தில் மெஷினை அழுத்திச் சூடேற்றுவதும் முழுக் கண்ணாடியையும் ஒரே நொடியில் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும்.

புளிப்பு வேலை

பொதுவான உப்புக்கறையில் பத்தில் ஒன்பது வேலை இங்கேயே முடிந்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். பொறுமை இல்லாதவர்கள்தான் இந்தப் படியைத் தாண்டிப் பாலிஷுக்குப் போகிறார்கள்.

கடை வினிகர் 4 அல்லது 5 சதவீத அசிட்டிக் அமிலம். லேசான கறைக்குப் போதும். கட்டியான படிவத்துக்குச் சிட்ரிக் ஆசிட் தூள் நல்லது. வாசனை இல்லை, விலை குறைவு. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 25 முதல் 30 கிராம் வரை கரையுங்கள். சமையல் சோடாவை இதில் கலக்க வேண்டாம். நுரை பொங்குவது பார்க்க வேலை நடப்பதுபோல் இருக்கும், ஆனால் புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது உப்பு நீர்.

தொடங்கும் முன் கீழே பாருங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்ட இடம் வெளுத்துவிடும். மார்பிளும் அப்படியே. புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருக்கும் சிமென்ட் பூக்கல்லும், நம் பக்கத்து ரெட் ஆக்சைடு தரையும்கூடச் சிமென்டால் ஆனவை, தாங்காது. தரையையும் ஜன்னல் திண்டையும் பாலித்தீன் போட்டு மூடுங்கள் அல்லது முன்கூட்டியே நிறைய நீர் ஊற்றி நனைத்து வையுங்கள். அலுமினியச் சட்டத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒயிட் டவுன் பக்கத்துப் பழைய மரச் சட்ட ஜன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தால், அழுத்தித் தேய்க்கவே கூடாது.

நேரம் முக்கியம். கத்திரி வெயிலில் சூடான கண்ணாடியில் தெளித்தால் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும், காய்ந்த அமிலம் வேலை செய்யாது. காலை வெயில் ஏறும் முன் அல்லது மாலை நிழல் விழுந்த பின் செய்யுங்கள்.

முறை இதுதான்:

1. கரைசலைத் தெளித்து, அதன் மேல் டிஷ்யூ தாளையோ பழைய பருத்தித் துணியையோ ஒட்டி மீண்டும் நனையுங்கள். தாள்தான் அமிலத்தைக் கண்ணாடியோடு பிடித்து வைக்கும். செங்குத்துக் கண்ணாடியில் தாள் இல்லாமல் தெளிப்பது வீண்.

2. இருபது நிமிடம் ஈரமாகவே வையுங்கள். காயத் தொடங்கினால் மீண்டும் தெளியுங்கள்.

3. தாளை எடுத்துவிட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்த்து நல்ல நீரில் கழுவுங்கள். கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்தாமல் மழைநீர் அல்லது ஏசியிலிருந்து வழியும் நீரைப் பயன்படுத்துங்கள். ஏசி நீர் காற்றிலிருந்து குளிர்ந்து சேர்ந்தது, கரைந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை. வாளி வைத்துப் பிடித்தால் கண்ணாடி வேலைக்கு அதைவிட நல்ல நீர் வீட்டில் கிடையாது.

4. வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்துக் காயவிட்டு டார்ச் வைத்துப் பாருங்கள்.

பழைய படிவம் ஒரே தடவையில் போகாது. மூன்று நான்கு தடவை செய்யலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு அடுக்கு கரையும். அழுத்தித் தேய்ப்பதால் வேகம் அதிகரிக்காது, ஊறும் நேரம்தான் வேகத்தைக் கூட்டும். செம்பழுப்பு இரும்புக் கறைக்கும் இதே சிட்ரிக் கரைசல், கொஞ்சம் நீண்ட நேரம்.

பச்சை நிறப் பாத்திர ஸ்க்ரப்பரைத் தூர வையுங்கள். அதில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு கண்ணாடியைவிடப் பல மடங்கு கடினம், நுண்ணிய கீறல்களை அடர்த்தியாகப் போட்டுவிடும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் வேண்டாம்.

பாத்ரூம் ஆசிட் எனப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை நொடியில் கரைக்கும் என்பது உண்மை. அதோடு ஸ்டீல் கீல், அலுமினியச் சட்டம், டைல்ஸ் இடுக்குச் சிமென்ட், உங்கள் மூச்சுக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்தே தாக்கும். ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக் கறைக்கென்று பெயரில்லாத பாட்டிலில் யாராவது கொண்டுவந்து, துடைத்த உடனே பளிச்சென்று காட்டினால் அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருக்க வாய்ப்புண்டு. கண்ணாடியையே கரைக்கக்கூடிய வேதிப்பொருட்கள் அவை. ஹைட்ரோஃபுளோரிக் தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் விடவே விடாதீர்கள்.

பிளேடு எப்போது

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புப் படிவம் 3 பக்கம், கண்ணாடி 5.5 பக்கம், ஆற்று மணலும் கடல் மணலும் 7. சுண்ணாம்பைப் புதிய பிளேடால் சுரண்டினாலும் கண்ணாடி பிழைப்பது இதனால். பெயின்ட் துளி, சிமென்ட் துளி, தடித்த சுண்ணாம்புக் கட்டி இவற்றுக்கு ஸ்கிரேப்பரில் புதிய பிளேடு மாட்டி, கண்ணாடியைச் சோப்பு நீரால் நனைத்து, சாய்வாக வைத்து ஒரே திசையில் தள்ளலாம். முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. திரும்பி வரும்போது பிளேடுக்கு அடியில் மாட்டிய துகள் கோடு போட்டுவிடும்.

டஃபன்ட் கண்ணாடியில் பிளேடைத் தவிர்ப்பதே நல்லது. சூளையில் சூடேற்றும்போது நுண்துகள்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிப் பதிந்திருக்கலாம். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போய்க் கண்ணாடி முழுக்கக் கோடுகள் போட்டுவிடும்.

சீரியம் பாலிஷ்

புளிப்புக்கு அசையாத சிலிக்காப் படலம், லேசான அரிப்பு, மயிரிழைக் கீறல் இந்த மூன்றுக்கும் மருந்து சீரியம் ஆக்சைடு. வெளிர் இளஞ்சிவப்பிலோ மங்கிய வெள்ளையிலோ கிடைக்கும் பொடி இது. கண்ணாடி வெட்டும் கடைகளில் கேட்டால் சொல்வார்கள், இணையத்திலும் கிடைக்கிறது.

சீரியம் ஓர் அருமண் தனிமம், 1803-இல் கண்டறியப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் கனிமத்தில் இது நிறைய உண்டு. சீரியம் வரும் முன் கண்ணாடிக்கு மெருகேற்ற இரும்பு ஆக்சைடுச் சிவப்புப் பொடிதான் பயன்பட்டது. சீரியம் அதைத் தள்ளிவிட்டதற்குக் காரணம் வெறும் உராய்வு இல்லை. தண்ணீர் இருக்கும்போது சீரியம் ஆக்சைடு சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு கொண்டு, மேற்பரப்பை மிக மிக மெல்லியதாகப் பிய்த்தெடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் புரியும். காய்ந்த பாலிஷ் வேலை செய்யாது, சூடு மட்டும் உண்டாக்கும்.

கையால் செய்யும் முறை: ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு நீர் விட்டு, நீர்த்த தோசை மாவுப் பதத்தில் கலக்குங்கள். பொடி அடியில் தங்கிவிடும், அவ்வப்போது கிளற வேண்டும். கம்பளி ஃபெல்ட் துண்டு ஒன்றைக் கட்டையில் சுற்றி, ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மிதமான அழுத்தத்தோடு வட்டமாகவும் குறுக்கும் நெடுக்குமாகவும் தேயுங்கள். கெட்டியாகத் தொடங்கியதும் நீர் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுவித் துடைத்துப் பாருங்கள். சிலிக்காப் படலம் இந்த அளவுக்கே வந்துவிடும். கீறலுக்குக் கை வேலை பத்தாது.

மெஷினில் செய்வதென்றால் வேகத்தைக் கூட்டக் குறைக்க வசதியுள்ள டிரில் அல்லது பாலிஷர், அதில் ஃபெல்ட் பேட். வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போதும். கிரைண்டரின் முழு வேகம் கண்ணாடிக்கு எமன். பேட் முழுக்கக் கண்ணாடியோடு படிந்திருக்க வேண்டும், விளிம்பால் குத்தக் கூடாது. ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை புறங்கையால் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சுடுகிறது என்று கையை எடுக்கத் தோன்றினால் அங்கேயே நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடும்.

நீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேலை இது. பேட்டரி டிரில் இருந்தால் அதையே எடுங்கள். வயர் மெஷின் என்றால் கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி இருக்கும் இணைப்பில்தான் போட வேண்டும், காலில் ரப்பர் செருப்பு வேண்டும். பொடியைக் கலக்கும்போது மாஸ்க், மெஷின் ஓடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சுற்றியிருக்கும் சுவரில் தெறிக்கும் என்பதால் செய்தித்தாள் ஒட்டிவிடுங்கள்.

முடிந்ததும் ஈரம் காயும் முன் கழுவிவிடுங்கள். ரப்பர் பீடிங்கிலும் சட்டத்தின் இடுக்கிலும் காய்ந்த சீரியம் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டால் பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துத் தேய்க்க வேண்டியிருக்கும்.

கீறல்: எது போகும், எது போகாது

நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கிப் போனால் சீரியம் போதும். லேசாக மாட்டினால் மெஷினில் நேரம் எடுத்துச் செய்தால் மங்கும், முழுதாக மறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நகம் நின்றுவிட்டால் சீரியத்துக்கு வேலை இல்லை.

கீறலை அழிப்பது என்றால் பள்ளத்தை நிரப்புவது இல்லை. பள்ளத்தின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கும் கண்ணாடியைத் தேய்த்து இறக்குவதுதான். கீறலில் மட்டும் அழுத்தினால் அந்த இடம் குழிந்து, அதன் வழியே பார்க்கும்போது எதிரே இருக்கும் கம்பமும் சுவரும் வளைந்து தெரியும். கீறலைவிட நான்கைந்து மடங்கு அகலத்துக்குப் பரப்பி, ஓரங்களில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பாலிஷ் பூசியதும் கீறல் எங்கே என்று தெரியாமல் போய்விடும் என்பதால், கண்ணாடியின் மறுபக்கத்தில் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆழமான கீறலுக்குச் சிலிக்கான் கார்பைடு நீர்த்தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 600, 1000, 2000 எண் என்று முரட்டுத் தாளிலிருந்து நயமான தாளுக்குப் படிப்படியாகப் போய், கடைசியில் சீரியம் போடுவது ஒரு முறை. முதல் தாள் பட்டதுமே கண்ணாடி உறைபனி பிடித்ததுபோல் வெள்ளையாகிவிடும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கோடுகளை முழுக்க அழித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்றை அவசரப்பட்டுத் தாண்டினால் அந்தக் கோடுகள் கடைசிவரை நிற்கும். சாப்பாட்டு மேசைக் கண்ணாடிபோலப் படுக்க வைத்துச் செய்யக்கூடியதில் ஆசை இருந்தால் முயலலாம். சாதாரண 4 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடியில் இதைச் செய்வது வீண் உழைப்பு. கடலூரிலோ புதுச்சேரியிலோ கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தால் புதிதாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெரிய கண்ணாடி, வளைந்த கண்ணாடி, இனிமேல் கிடைக்காத பழைய கண்ணாடி என்றால் மட்டுமே ஆழமான கீறலோடு போராடுவதில் அர்த்தம் இருக்கிறது.

பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பற்பசையில் இருக்கும் உரசும் பொருள் பல்லுக்காக அளந்து போட்டது. மேலோட்டமான அழுக்கை எடுக்கும், கண்ணாடியைக் குறைக்கும் வலு அதற்கு இல்லை. எண்ணெயும் மெழுகும் பள்ளத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் மறைக்கும், அவ்வளவே.

காரின் முன் கண்ணாடி

ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இது தனிப் பிரச்சினை. உப்புப் பிசுக்கில் மணல் ஒட்டும், அதன் மேல் வைப்பர் ஓடும், வில் வடிவத்தில் கோடுகள் விழும். இரவில் எதிர் வண்டி விளக்கு பட்டால் கோடு கோடாகக் கூசும்.

உப்புக்கறை மட்டும் என்றால் மேலே சொன்ன புளிப்பு வேலையே. பெயின்டிலும் ரப்பரிலும் வழியாமல் துணியில் நனைத்துச் செய்யுங்கள், பிறகு நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். வைப்பர் கோடுகளில் நகம் மாட்டாதவற்றைச் சீரியத்தால் குறைக்கலாம். ஆனால் ஓட்டுநரின் பார்வை நேரே படும் பகுதியில் ஆழமாகத் தேய்க்கவே கூடாது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. வெளித் தகட்டில் சிறு குழிவு வந்தாலும் சாலை வளைந்து தெரியும், தூரக் கணிப்பு தவறும். அந்த இடத்தில் நகம் மாட்டும் கீறல் இருந்தால் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. கோடு போட்ட வைப்பர் பிளேடையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுக் கண்ணாடிக்கும் அதே கதிதான்.

மீண்டும் பூக்காமல் இருக்க

குளித்து முடித்ததும் ஷவர் கண்ணாடியை வைப்பரால் ஒருமுறை இழுத்துவிடுங்கள். அரை நிமிட வேலை. காயாத துளி கறை விடாது. வீட்டில் ஒரு வைப்பரை ஷவர் பக்கத்திலேயே கொக்கியில் மாட்டி வைத்தால்தான் இது நடக்கும்.

கடலோர ஜன்னலையும் காரையும் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். முதலில் நீர் ஊற்றி மணலை இறக்குங்கள், பிறகு துணி. காலையில் எழுந்ததும் காரைத் தூசி தட்டும் பிரஷ்ஷால் தட்டித் துடைக்கும் பழக்கம்தான் நம் ஊர்க் கார் கண்ணாடிகளின் மயிரிழைக் கீறல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

ஆர்ஓ எந்திரத்தின் கழிவு நீரில் கார் கழுவுவதும் ஜன்னல் கழுவுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்படுகின்றன. அந்த நீரில் உப்பு மூல நீரைவிடவும் அதிகம். தரை கழுவவும் கழிவறைக்கும் விடுங்கள், கண்ணாடிக்கு வேண்டாம்.

வாட்டர் சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அதன் நீரும் காய்ந்தால் தடம் விடும், ஆனால் ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும். சிலிக்காவை அது எடுக்காது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நிலத்தில் இறக்கும் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து டிரம்மில் பிடித்து வைத்தால், ஐப்பசி கார்த்திகை மழையே சில மாதங்களுக்குக் கண்ணாடி வேலைக்கு ஆகும். மூடி போட்டு, கொசு நுழையாமல் வலை கட்டுங்கள். சூரியத் தகடு கழுவவும் இதே நீர்தான் சரி.

கறை முழுக்க எடுத்த கண்ணாடியில் நீர் ஒட்டாத பூச்சு ஒன்று போடலாம். கார் கடைகளில் மழைநீர் விரட்டி என்று கிடைக்கும் சிலிகான் வகைத் திரவம் ஷவர் கண்ணாடிக்கும் பொருந்தும். கறையின் மேல் பூசினால் கறையையும் சேர்த்து அடைத்துவிடும் என்பதால் பாலிஷுக்குப் பிறகு, முழுக்கக் காய்ந்த கண்ணாடியில் மட்டும் பூசுங்கள். பூசியபின் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். முத்துகள் தட்டையாகிப் படலமாக வழியத் தொடங்கினால் பூச்சு தேய்ந்துவிட்டது, மீண்டும் ஒரு கை பூசிவிடுங்கள்.